நிற்கப் பழகிய புதன்கிழமைகள்

எண்பத்தாறில், மேற்கு ஜெர்மனியின் எசன் நகரத்தின் வடக்கு ஓரத்தில், முன்னொரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் எங்களை வைத்திருந்தார்கள். அகதி விடுதி. ஹைம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அதில் ஆண்கள் நிறைய, பெண்கள் ஒன்பது பேர். குளியலறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. அதன் பூட்டு உடைந்து கிடந்தது. விடுதிப் பொறுப்பாளரிடம் மூன்று முறை சொன்னோம். ஒவ்வொரு முறையும் அடுத்த கிழமை என்றார். அதனால் நான் குளிக்கும்போது அக்கா வெளியே நிற்பார், அவர் குளிக்கும்போது நான் நிற்பேன்.

அக்கா என்று சொல்வது என்னோடு ஒரே அறையில் இருந்தவரை. சொந்தமில்லை. எனக்கு அப்போது இருபத்தைந்து, அவருக்கு முப்பத்தாறு. வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவள். இருவரும் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலில் மேற்கே வந்து அடைக்கலம் கேட்டுக் கைதூக்கினவர்கள். அறையில் ஆறு மாதம் ஒன்றாக இருந்தோம். தன் மாணவிகளைப் பற்றி, அம்மாவின் இழுப்பைப் பற்றி, பின்னங்களை விளங்கவைக்கத் தான் தோடம்பழம் உரித்ததைப் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறார். தன்னை இராணுவ முகாமில் பதினொரு நாள் வைத்திருந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்குப் பொதுக் குசினியில் சமைக்கும்போது வேறு ஆட்கள் கதைத்துத்தான் தெரியும். தம்பியை வீட்டு வாசலில் சுட்டுவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

வேலை செய்ய அனுமதி இல்லை. நகர எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. பகல்கள் முடியவே முடியாது. அந்த நாட்களில் திங்கட்கிழமைகளில் தேவாலயத்திலிருந்து ஒரு ஜெர்மன் அம்மா வருவார். அறுபது வயதிருக்கும், குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, எப்போதும் கையில் ஏதாவது ஒரு பொட்டலம். எங்களுக்கு ஜெர்மன் சொல்லித்தருவார். ஒருநாள் அவர் ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தார். புதன்கிழமை மூன்று மணிக்கு, தேவாலயத்தின் நிலவறையில், பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு. நான் பூட்டில்லாத அந்தக் கதவை நினைத்தேன்.

"வாங்கோ அக்கா, போவம். சும்மாதானே இருக்கிறம்."

"எனக்கு ஏலாது பிள்ளை. நீர் போம்."

"தனியப் போக எனக்குப் பயம்."

அது பொய். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பவேண்டும் என்பதுதான் என் எண்ணம். இரண்டு நாள் அரித்தெடுத்தேன். கடைசியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார்.

வகுப்பு எடுத்தவள் தைவானிலிருந்து வந்த மாணவி. என் வயதுதான். பெரிய கண்ணாடி, கறுப்புத் துணிச் சப்பாத்து, ஒடிந்துவிடுவாள் போல ஒரு உடம்பு. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சீனத்துச் சண்டைக் கலைகளின் வரலாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தாள். உதைக்கவும் பறக்கவும் சொல்லித்தருவாள் என்று நினைத்துப் போனேன். அவள் எங்களை நிற்கச் சொன்னாள். கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, ஒரு குதிரையின் மேல் இருப்பதுபோல. குதிரை நிலை என்று அதற்குப் பெயர். நாங்கள் எட்டுப் பெண்கள். மூன்று நிமிடத்தில் என் தொடை நடுங்கத் தொடங்கியது. எங்கள் விடுதியிலிருந்து வந்த ஒரு ஈரானியப் பெண் சிரித்துக்கொண்டே விழுந்தாள். கடைசியில் அக்கா மட்டும் நின்றார். முகத்தில் அசைவில்லை, பார்வை எதிர்ச்சுவரில்.

"முன்பே பழகியிருக்கிறீர்களா?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை," என்றார் அக்கா. "என்னை நிற்க வைத்திருக்கிறார்கள்."

அவள் உடனே எல்லோரையும் தளர்த்தச் சொன்னாள். எனக்கு அந்தப் பதிலின் அர்த்தம் விடுதிக்குத் திரும்பி, பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

வழியில் அக்கா, "நிக்கிறதுக்கும் ஒரு வகுப்போ பிள்ளை?" என்று கேட்டார். ஆனால் அடுத்த புதன்கிழமை எனக்கு முதலே வெளிக்கிட்டு நின்றார்.

இரண்டாவது வகுப்பில் அவள் அக்காவின் தோளைத் திருத்தக் கையை நீட்டினாள். அக்கா ஒரு எட்டுப் பின்னால் போனார். அவள் கையை உடனே இறக்கிவிட்டு, "நீங்கள் தனியாகச் செய்யலாம், யாரும் தொடவேண்டியதில்லை," என்றாள். அதன்பிறகு இருவர் இருவராகச் செய்யும் பயிற்சிகளில் அக்கா என்னோடு மட்டும் சேர்வார், இல்லாவிட்டால் ஒரு மூலையில் தனியாகக் கைகளை அசைத்துக்கொண்டிருப்பார்.

வகுப்பு முடிந்ததும் தேத்தண்ணி குடிப்போம். மற்றப் பெண்கள் போய்விடுவார்கள், அவளும் அக்காவும் நானும் இருப்போம். ஒருநாள் நான் பெருமையடித்தேன். காஞ்சிபுரத்திலிருந்து போன எங்கள் இளவரசர் ஒருவர்தான் துறவியாகி, சீனத்து மடத்தில் பிக்குகளுக்கு இந்தக் கலையைப் படிப்பித்தார், இதெல்லாம் தமிழன் கொடுத்தது என்று. பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னது. அந்த ஊரில் எங்களிடம் பெருமையடிக்க வேறென்ன இருந்தது? உடுத்திருந்ததே யாரோ கழித்த உடுப்பு.

அவள் சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "தெற்கு இந்தியாவிலிருந்து ஒரு துறவி வந்தார் என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. சுவரைப் பார்த்து வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தார் என்று அதற்குப் பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். அவர் அடிக்கச் சொல்லித்தந்தார் என்று அவர் காலத்தில் யாரும் எழுதவில்லை. அந்தக் கதை வந்த புத்தகம் ஆயிரம் வருடம் கழித்து எழுதியது. அதன் முன்னுரையே போலி."

எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. திரும்பி நடக்கும்போது அவளை ஏசிக்கொண்டு வந்தேன். அக்கா கேட்டுக்கொண்டு வந்துவிட்டு, "அவள் கணக்கைச் சரியாச் செய்திருக்கிறாள். விடை எங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டதுக்காகப் பிழை போடேலுமோ?" என்றார்.

பிறகு அக்காதான் அவளைக் கேட்கத் தொடங்கினார். அப்படியானால் யார் உண்டாக்கியது?

"பசித்தவர்கள்," என்றாள் அவள். கிராமத்துக் காவல்காரர், வணிகர் வண்டிகளுக்குத் துணை போனவர், உப்புக் கடத்தினவர், படையை விட்டு ஓடினவர், சந்தையில் வித்தை காட்டிச் சுளுக்குக்கு எண்ணெயும் பத்துக்கட்டும் விற்றவர். பிக்குகளும் தடியெடுத்திருக்கிறார்கள், மடத்து நிலத்தைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து காக்க. தத்துவம் அதற்குள் பிந்தித்தான் வந்தது என்று சொன்னாள். ஒரு அரசவம்சம் விழுந்து வடக்கிலிருந்து வந்தவர்கள் நாட்டைப் பிடித்தபோது, தோற்ற பக்கத்துப் படித்தவர்கள் சிலர் ஊரில் ஒதுங்கினார்கள். சண்டை பிடிக்கப் படை இல்லை, பதவி இல்லை. அப்போதுதான் இருளும் ஒளியும், வன்மையும் மென்மையும், மூச்சு, இளகுவது, வழிவிடுவது என்று பழைய ஞானிகள் சொன்னதையெல்லாம் கை கால் அசைவுக்குள் தேடினார்கள். இதுதான் தன் ஆராய்ச்சி, பேராசிரியருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றாள்.

இன்னொரு நாள் நிலவறையின் கரும்பலகையில் ஒரு சீன எழுத்தை வரைந்தாள். போர்க்கலை என்ற சொல்லின் முதல் எழுத்து. அதற்குள் இரண்டு துண்டு. ஒன்று ஆயுதம், மற்றது 'நில்' என்பது.

"ஆயுதத்தை நிறுத்துவதே வீரம் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். ஆனால் மிகப் பழைய காலத்து எலும்புகளில் இதைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் பார்த்தால் இந்த 'நில்' ஒரு பாதம். ஆயுதத்தோடு நடந்துபோகிற ஒருவன்."

"இரண்டில் எது சரி?" என்று அக்கா கேட்டார்.

"செதுக்கியவன் நடந்துபோகிறவனைக் கண்டிருக்கிறான். நிறுத்தவேண்டும் என்று பிறகு வந்தவர்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள்."

அக்கா எழும்பிப் போய்க் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று அந்த எழுத்தைப் பார்த்தார். அவர் எதையாவது அப்படி ஆர்வமாகப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன். வகுப்புக்குக் கூட்டிவந்தது நல்லதென்று எனக்குள் சந்தோஷப்பட்டேன்.

எல்லாம் அப்படிப் போகவில்லை. ஒருமுறை அவள், மூச்சையும் மந்திரத்தையும் பழகினால் துவக்குக் குண்டு துளைக்காது என்று நம்பிய சீனத்து விவசாயி வீட்டு இளைஞர்களைப் பற்றிச் சொன்னாள். அந்நியர் படைக்கு முன்னால் வெறுங்கையோடும் வாளோடும் ஓடினார்களாம்.

"எத்தனை பேர் செத்தார்கள்?" என்றார் அக்கா.

"யாரும் ஒழுங்காக எண்ணவில்லை."

அக்கா கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். தேவாலய மதிலில் சாய்ந்து நின்றார். "என்ர தம்பியும் மணல் மூட்டைக்கு அடிச்சு அடிச்சுத்தான் பழகினவன்," என்றார். "நான்தான் சாக்குத் தைச்சுக் குடுத்தனான்." அவ்வளவுதான்.

இளகுவதைப் பற்றி அவர்களுக்குள் ஒரு வாக்குவாதமும் நடந்தது. எதிராளி தள்ளினால் தள்ளுக்கு எதிராக நிற்காதே, வழிவிடு, அவன் பலம் வெறுமையில் போகட்டும் என்று அவள் காட்டினாள். அக்கா ஆங்கிலத்தில் சூடாகவே சொன்னார். "நாங்கள் வழிவிட்டுக்கொண்டே வந்தவர்கள். வேலையை விட்டோம், வீட்டை விட்டோம், கடலைத் தாண்டி உங்கள் நிலவறை வரைக்கும் வந்துவிட்டோம். இன்னும் எங்கே இளகுவது?" அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, தன் அப்பாவும் தோற்ற படையில் இருந்து தைவான் தீவுக்கு ஓடிவந்தவர், ஒவ்வொரு காலையும் முற்றத்தில் இந்த அசைவுகளைச் செய்வார், யாரைக் கொன்றார், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று சொன்னதே இல்லை என்றாள். "இளகுவது என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது. புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன்."

மார்கழியில், நத்தார்ப் பண்டிகை நெருங்கிய ஒரு புதன்கிழமை அது நடந்தது. ஜெர்மன் அம்மா தான் சுட்ட பிஸ்கட்டுகளோடு வந்து, தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டார். அன்றைய பயிற்சி, பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது. என்னை ஈரானியப் பெண் தன் சோடியாகப் பிடித்துவிட்டாள். அக்கா மூலையில் தனியாக நின்றார். நான்தான் அந்த அம்மாவிடம் என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன், அவரோடு செய்யுங்கள், தனியாக நிற்கிறார் என்று. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அக்கா தேறிவிட்டார் என்று நான் முடிவு பண்ணியிருந்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே, இப்போது நான்தான் கள்ளன் என்று சொல்லி, அக்காவின் பின்னால் போய் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார்.

அக்கா திரும்பிய வேகத்தை நான் பார்க்கவில்லை. முழங்கை பட்ட சத்தமும், அடுக்கியிருந்த கதிரைகள் சரிந்த சத்தமும்தான் கேட்டன. அந்த அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தார். அக்கா அவருக்கு மேலே குனிந்து அடித்தார். கைகள் அடித்துக்கொண்டிருந்தன, வாய் கெஞ்சிக்கொண்டிருந்தது. சிங்களத்தில். வேண்டாம் ஐயா, வேண்டாம் ஐயா என்று. பிறகு வேறு சில சொற்களும் வந்தன. எனக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடிதங்கள் அடித்துக் கொஞ்சம் சிங்களம் விளங்கும். அந்த நிலவறையில் அதை விளங்கிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். "தொடாதே," என்று தைவான்காரி கத்தினாள். அவள் அக்காவுக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில், தரையில் முழங்காலிட்டு உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். "இங்கே பார், இது எசன், இது புதன்கிழமை," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு அடி அவள் கன்னத்திலும் விழுந்தது. அவள் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் கைகள் இறங்கின. அவர் தன் கைகளைப் பார்த்தார், கீழே கிடந்தவரைப் பார்த்தார். பிறகு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக் குந்தினார்.

அந்த அம்மாவுக்குத் தோளெலும்பு முறிந்திருந்தது. வகுப்பைத் தேவாலயம் நிறுத்தியது. அவருடைய மகன் பொலிசில் முறையிட வேண்டும் என்று நின்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவர் மறுத்துவிட்டார்.

தை மாதம் அக்காவின் அகதி விண்ணப்பம் தள்ளுபடியானதாகக் கடிதம் வந்தது. முதல் விசாரணையில் முகாமில் என்ன நடந்தது என்று கேட்டபோது 'விசாரித்தார்கள், விட்டார்கள்' என்று மட்டும் அவர் சொல்லியிருந்தார். மொழிபெயர்த்தவர் பக்கத்து ஊர் ஆள், அக்கா படிப்பித்த ஒரு பிள்ளையின் மாமன். அவர் முன்னால் எப்படிச் சொல்வார்? தேவாலயம் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துத் தந்தது. மேன்முறையீடு. நிலவறையில் நடந்ததைக் கேள்விப்பட்ட வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டார். அந்தச் சொற்களை நான் நீதிமன்றத்தில் சொன்னால் வழக்கே மாறலாம் என்றார்.

அறைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"நீர் சொல்லப்படாது."

"அக்கா, திருப்பி அனுப்பினா என்ன செய்வியள்?"

"அனுப்பட்டும். அது என்ர வாய்க்குள்ள இருக்கிறது. நீர் எடுத்துக் குடுக்கிறதுக்கு அது உம்மட இல்லை."

நான் ஓம் என்றேன். ஓம் என்றுதான் சொன்னேன்.

வழக்கு வசந்த காலத்தில் வந்தது. வெளிறிய சுவர், நீண்ட மேசை. அதே மொழிபெயர்ப்பாளர். ஜெர்மன் அம்மா வந்திருந்தார், அப்போதும் ஒரு தோளை உயர்த்த முடியாமல். "அவர் என்னை அடிக்கவில்லை. அங்கே தன்னைப் பிடித்தவனை அடித்தார். நான் இடையில் நின்றுவிட்டேன்," என்று நீதிபதியிடம் சொன்னார். முகாமில் என்ன நடந்தது என்று நீதிபதி அக்காவைக் கேட்டார். அக்கா மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார்.

"ஏலாது," என்றார். அதையும் அந்த ஆள் மொழிபெயர்த்தார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டவுமில்லை, கண் காட்டவுமில்லை. அவர் என்னை நம்பியிருந்தார் என்று நினைக்கிறேன். திருப்பி ஏற்றப்பட்ட விமானம் ஒன்றையும், கட்டுநாயக்காவில் இறங்கும் அவரையும் நினைத்துக்கொண்டேன். நான் சொன்னேன். எல்லாச் சொல்லையும் சொன்னேன், சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. மொழிபெயர்ப்பாளர் ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

தீர்ப்பு கடிதமாக வந்தது. தள்ளுபடி. சம்பந்தப்பட்டவர் தானே சொல்லாததை இன்னொருவர் பிந்திச் சொல்வதை நம்பகமானதாக எடுக்க முடியாது என்று இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்புவதை எங்கள் மாநிலம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததால், அவருக்கு டுல்டுங் கொடுத்தார்கள். பொறுத்துக்கொள்கிறோம் என்று ஒரு தாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை. நான் பேசாமல் இருந்திருந்தாலும் அதே தாள்தான் கிடைத்திருக்கும்.

தீர்ப்புக்கு முதலே கதை விடுதிக்கு வந்துவிட்டது. மொழிபெயர்த்தவர் சொன்னாரோ, நீதிமன்ற வாசலில் நின்ற வேறு யாரோ சொன்னார்களோ தெரியாது. குசினிக்குள் அக்கா போனால் பேச்சு நின்றது. ஒருவன் அவருக்காக அடுப்பை விட்டு விலகி நின்றான், மரியாதையாக. அந்த மரியாதையை அக்காவால் தாங்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கரண்டியை வைத்துவிட்டு அறைக்கு வந்தார், சமைக்காமல். அந்தக் கிழமையே கிட்ட உள்ள டோர்ட்மண்ட் நகரத்து விடுதிக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பித்தார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். என்னை ஏசவில்லை. "பூட்டுத் திருத்தும் வரைக்கும் அந்த ஈரான் பிள்ளையை வெளியில நிக்கச் சொல்லும்," என்றார். போகும்போது கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஒருமுறை அனுமதி எடுத்து டோர்ட்மண்டுக்குப் போனேன். தேத்தண்ணி போட்டுத் தந்தார். குளிரைப் பற்றியும் என் ஜெர்மன் சோதனையைப் பற்றியும் கேட்டார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "சீனி போதுமோ?" என்று இடைமறித்தார். ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன். எண்பத்தொன்பதின் தொடக்கத்தில் அவர் யாருடையதோ ஒரு பாஸ்போர்ட்டில் பாரிசுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கிருந்து எங்கே என்று தெரியாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு, எங்கே போனார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அன்று நான் சொன்னது உண்மை.

அந்தக் கோடையில் தைவான்காரி ஆராய்ச்சியை முடித்துவிட்டு ஊருக்குப் போக இருந்தாள். விடைபெற வந்தவள், இரண்டு வருடமாகத் தான் ஒவ்வொரு புதன்கிழமையும் டோர்ட்மண்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். ஒரு பூங்காவில் இருவரும் பயிற்சி செய்வார்களாம். எனக்குச் சொல்லக்கூடாது என்று அக்கா கேட்டிருக்கிறார். இப்போது அவர் போய்விட்டதால் சொல்கிறேன் என்றாள்.

"யாராவது தொட்டால் பரவாயில்லையா இப்போது?"

"கடைசிச் சில மாதங்களில் நான் மணிக்கட்டைப் பிடிப்பேன். முன்னாலிருந்து மட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு விடச் சொல்வார், விடுவேன்."

"என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?"

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை. நேராகவே என்னைப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள்.